ஆற்றில் இறங்க ஒரு துறை

(தவக்காலம் நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை – வானொலி மறையுரை)



இன்றைய திருப்பலியின் இரண்டு வாசகங்களும் தண்ணீரைப் பற்றியவை. முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசேக்கியேல், கோவிலின் வாயிற்படிக்குக் கீழிருந்து புறப்பட்டு வரும் ஓர் ஆற்றைக் காண்கிறார். நற்செய்தியில் யோவான் நம்மை எருசலேமின் ஆட்டு வாயில் பக்கம் அழைத்துப் போய், ஐந்து மண்டபங்கள் சூழ்ந்த பெத்சதா குளத்தைக் காட்டுகிறார். ஆறு பெரியது, காட்சியும் பெரியது. ஆனாலும் முதலில் குளத்தங்கரைக்கே போவோம்.

அங்கே 38 ஆண்டுகளாக நோயுற்ற ஒருவர் படுத்திருக்கிறார். நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்கிறார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை, தாம் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று முறையிடுகிறார். இந்தப் பகுதியில் நாம் வழக்கமாக ஆண்டவரின் இரக்கத்தைப் பற்றிப் பேசுவோம், இல்லாவிட்டால் அந்த மனிதரின் மனத்தளர்ச்சியைப் பற்றிப் பேசுவோம். இன்று அவருடைய முறையீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறது. கதவு போட்டு யாரும் பூட்டவில்லை, போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. எருசலேமில் புனித அன்னம்மாள் ஆலயத்தை ஒட்டி அகழ்ந்து கண்டெடுத்த அந்தக் குளத்தில் படிகள்கூட இருந்திருக்கின்றன. படி இருந்தும் அவரால் இறங்க முடியவில்லை. கால் உள்ளவருக்குத்தானே படி.

இதைக் கேட்கும்போது நமக்கு நம் ஆறு நினைவுக்கு வருகிறது.

பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியே ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. பிறப்பதும் கலப்பதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தண்ணீர் விடுங்கள் என்று எந்த அண்டை மாநிலத்தின் வாசலிலும் போய் நிற்க வேண்டாத ஆறு. எட்டு அணைக்கட்டுகள் வழியாக வயலுக்குப் பாய்கிறது, குழாய் வழியாகத் தூத்துக்குடி வரை குடிநீராகப் போகிறது. ஆனால் இந்த ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தும் ஆண்டுக்கணக்கில் அதில் கால் நனைக்காத குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! வீட்டில் குழாய் வந்துவிட்டது, அதனால் போகவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். போக விரும்புகிறவர்களும் போக முடியவில்லை என்பது மீதிப் பாதி.

படித்துறைக் கல் பெயர்ந்து கிடக்கிறது. இறங்கும் பாதையைச் சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது. காலை வைத்தால் உடைந்த பாட்டில் குத்துகிறது. படிக்கு மேலேயே சாக்கடை வந்து விழுகிறது. குளித்து எழுந்த பெண்ணுக்கு ஈரச்சேலை மாற்ற நான்கு சுவர் கிடையாது. மூட்டுவலி உள்ள பாட்டிக்குப் பிடித்து இறங்க ஒரு கம்பி கிடையாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி. மணல் அள்ளிய இடங்களில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறது, மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முழங்காலளவுதானே என்று நடந்த பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரத்துக்குள் போய்விடுகிறது. விடுமுறை மாதங்களில் நாம் நடத்தும் அடக்கச் சடங்குகளில் இப்படிப் போன பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாய்மாரிடம் ஆற்றின் அழகைப் பற்றிப் பேசப் போவது எளிதல்ல.

ஆக, ஆற்றுக்குப் போகும் வழி என்பது ஏதோ பொழுதுபோக்கு விவகாரம் அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்கிறார். அதே மடலில் இன்னோர் இடத்தில், அழகான இயற்கை இடங்கள் தனியாருக்குரியவையாக மாறி, சாதாரண மக்கள் அங்கே நுழைய முடியாமல் போவதையும் குறையாகச் சொல்கிறார். தண்ணீரைக் குடத்தில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை.

நம் நாட்டில் இந்த உரிமைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. அந்தக்காலத்தில் ஊருக்கு ஊர் துறை இருந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். துறை இருந்தது, சாதிக்கொரு துறையாக இருந்தது. மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே நின்றவருக்கு மேலே குளித்தவர்களின் அழுக்குத் தண்ணீர். மகாராட்டிரத்தின் மகாடு நகரில் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பதற்கென்று 1927இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆகையால் பழைய துறைகளைப் புதுப்பிப்போம் என்று நாம் சொல்லும்போது, பழைய வரிசையையும் சேர்த்துப் புதுப்பிப்போம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசனின் படைத்தலைவன் நாமான், தொழுநோயோடு வந்த வேற்றுநாட்டான், யோர்தானில் ஏழுமுறை முழுகி எழுந்தான். நீ எந்த நாட்டான் என்று அந்த ஆற்றங்கரையில் யாரும் அவனைக் கேட்கவில்லை.

சரி, மக்கள் ஆற்றுக்குப் போக வழி வேண்டும். எப்படிப்பட்ட வழி? இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் ஆற்றங்கரை மேம்பாடு என்ற சொல் காதில் விழுந்தால், மனத்தில் உடனே ஒரு படம் வருகிறது. இரண்டு கரையிலும் கான்கிரீட் சுவர், அதன்மேல் வழவழப்பான நடைபாதை, வரிசையாக விளக்குகள், உட்கார நாற்காலிகள், செல்ஃபி எடுக்க ஓர் இடம். அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின் இருகரையிலும் 11 கிலோமீட்டருக்கு மேல் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். மாலையில் அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள், பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். அதில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆனால் அந்தக் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன என்பதும், பலவிதமாக அகன்றும் ஒடுங்கியும் ஓடிய ஆறு ஒரே அகலக் கால்வாயாக மாறியது என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அந்த நடைபாதையிலிருந்து ஆற்றைப் பார்க்கலாம். தண்ணீரைத் தொடுவது வேறு விஷயம்.

சுவர் எழும்பும்போது வெளியேறுகிறவர்கள் மனிதர் மட்டும் அல்லர். மீன்கொத்தி கூடு கட்டுவது மரத்தில் அல்ல. செங்குத்தான மண்கரையில், அலகாலும் காலாலும் முழநீளத்துக்கு மேல் வளை தோண்டி, அதன் கடைசியில் முட்டையிடுகிறது. பஞ்சுருட்டானும் அப்படித்தான். மண்கரையைக் கான்கிரீட்டால் மூடினால் அவற்றுக்குக் கதவடைப்பு. ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறும் மணல்திட்டிலும் கூழாங்கல்லிலும் முட்டையிடுகின்றன. முட்டையும் கல்லும் ஒரே நிறம். அந்தத் திட்டுவரை காரை இறக்கிக் கழுவினால், என்ன நொறுங்கியது என்று ஓட்டியவருக்கே தெரியாது. நாணல் வேர் கரையைப் பிடித்து வைக்கிறது, வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கிறது, அதன் தண்டுகளுக்கிடையே மீன்குஞ்சு ஒளிந்து வளர்கிறது. புதர் என்று சொல்லி அதைப் பொக்லைன் வைத்து வழித்துவிட்டு, அப்புறம் மீன் இல்லை என்கிறோம்.

தாமிரபரணியில் நீர்நாய்கள் இருக்கின்றன. நேயர்களில் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். சங்கப் பாடல்களில் வாளைமீனைப் பிடித்துத் தின்னும் அதே நீர்நாய்தான். குடும்பமாக வாழும் விலங்கு. கரை வளைகளிலும் அடர்ந்த நாணலுக்குள்ளும் குட்டி போடும். ஆள் நடமாட்டம் இல்லாத மடுவும் மீனும் மறைவிடமும் இருந்தால் போதும், மனிதனிடம் வேறு எதையும் கேட்பதில்லை. பார்க்க வேண்டும் என்று போனால் பார்க்க முடியாது. பார்க்காமல் விட்டுவிட்டால் இருக்கும்.

இதையெல்லாம் கேட்ட ஒருவர், அப்படியானால் ஆற்றைச் சுற்றி வேலி போட்டுவிடுங்கள், மனிதர் யாரும் போக வேண்டாம் என்று சொல்லக்கூடும். இயற்கையை நேசிக்கும் நல்ல மனிதர்களே அப்படிச் சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. வேலி போட்டால் முதலில் வெளியே நிற்பவர் துணி துவைத்துப் பிழைப்பவர், தூண்டில் போடுபவர், ஆடு மேய்ப்பவர். மணல் லாரிக்கு வேலி எப்போதும் தடையாக இருந்ததில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு. மக்களின் கால் படாத ஆற்றுக்காகப் பேச மக்கள் வருவதில்லை. 2010இல், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவரான தோழர் இரா. நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை நிறுத்தக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். முதிர்ந்த வயதில் தாமே வாதாடினார், தடையும் பெற்றார். அவருடைய கட்சி வேறு, நம் வழி வேறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து அறிந்த ஆற்றுக்காக அவர் படியேறினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 2024இல் அதே மதுரைக் கிளையின் நீதிபதிகள் நேரில் வந்து, கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள். வழக்கு என்பது தாள்களோடு முடிந்துவிடாமல் ஆற்றங்கரைக்கு வந்தது.

மனிதரும் பறவையும் ஒரே கரையில் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள், முக்கூடலுக்கு மேற்கே திருப்புடைமருதூருக்கு ஒருமுறை போய்வரலாம். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம் அது. நாறும்பூநாதர் கோவில் இருக்கிறது, படித்துறை இருக்கிறது, குளிக்கிறவர்கள் குளிக்கிறார்கள். கோவிலைச் சுற்றியுள்ள பெரிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது, சத்தமும் சேர்ந்துகொள்கிறது. ஊர் மக்கள் கல்லெறியவில்லை, கிளையை வெட்டவில்லை. இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர்களே வனத்துறையிடம் கேட்டார்கள். 2005இல் அரசு அந்த இடத்தை வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காப்பிடமாக அறிவித்தது. மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம், ஆனால் இவ்வகையில் இந்தியாவிலேயே முதலாவது. கூந்தன்குளத்திலும் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குக்கூட மக்கள் வெடி போடுவதில்லை. இவை நம் ஆலயங்கள் இருக்கும் இடங்கள்தானா என்று கேட்க வேண்டியதில்லை. சமாரியர் செய்தார் என்பதற்காக அந்த நற்செயலை ஆண்டவர் ஒதுக்கவில்லை.

இனி எசேக்கியேலிடம் வருவோம். அவரை வழிநடத்தும் மனிதர் கையில் அளவுநூல் வைத்திருக்கிறார். ஆயிரம் முழம் அளந்து இறைவாக்கினரைத் தண்ணீரில் நடத்துகிறார், கணுக்காலளவு. இன்னும் ஆயிரம், முழங்காலளவு. இன்னும் ஆயிரம், இடுப்பளவு. அதற்கு அப்பால் நீந்தித்தான் போக வேண்டும், கடக்க முடியாது. கவனியுங்கள், ஆற்றைக் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போ என்று அவரிடம் சொல்லப்படவில்லை. அவரைக் கையைப் பிடித்தாற்போல் உள்ளே அழைத்துப் போகிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரிகிறது. (நம் படித்துறைகளில் ஆழம் எழுதிய ஒரு பலகை வைக்கக்கூட நமக்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லை.)

இன்றைய திருப்பலி வாசகம் 9ஆம் வசனத்தோடு நின்று, 12ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறது. நேர்ந்தளிப்பு விழாவான நவம்பர் 9 அன்று இதே பகுதி வாசிக்கப்படும்போதும் இப்படித்தான். நடுவில் விடப்படும் இரண்டு வசனங்களை வீட்டில் திருவிவிலியத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். 10ஆம் வசனத்தில் மீனவர் வருகிறார்கள். ஏன்கேதி முதல் ஏன்எக்லயிம் வரை கரையோரம் நின்று வலைகளை விரிக்கிறார்கள். இறைவனின் ஆறு ஆளில்லாத ஆறு அல்ல, அங்கே பிழைப்பு நடக்கிறது. 11ஆம் வசனம் இன்னும் வியப்பானது. அந்த ஆறு போகும் இடமெல்லாம் உவர்நீரை நல்ல நீராக்கிக்கொண்டே போகிறது. ஆனால் சதுப்பு நிலங்களையும் உவர்க் குட்டைகளையும் மட்டும் மாற்றாமல் விட்டுவிடுகிறது. அவை உப்புக்கென்று விடப்படுகின்றன.

கடவுளுக்கு அதையும் மாற்றுவதற்கு வல்லமை இல்லையா? இருக்கிறது, ஆனாலும் விட்டுவைக்கிறார். சேறு சேறாகவே இருக்கட்டும், உவர் உவராகவே இருக்கட்டும் என்று, நலமளிக்கும் அந்தப் பேராற்றின் நடுவிலேயே சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்த உப்பு இல்லாமல் கோவிலில் பலியும் இல்லை, வீட்டில் சோறும் இல்லை.

இதைப் புன்னைக்காயல் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரின் பெயரிலேயே புன்னை மரமும் காயலும் இருக்கின்றன. தந்தை என்ரிக்கே என்ரிக்கசின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறிய ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஊர் அது. தாமிரபரணி கடலைத் தொடும் அந்த முகத்துவாரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன, அப்பால் உப்பளங்கள் விரிகின்றன. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அந்தச் சேற்றில்தான் இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. வளர்ந்த பிறகு கடலுக்குப் போகின்றன, வலையில் விழுகின்றன. அலையாத்தியின் காற்றுவேர்களுக்கு நடுவே நடைபாதை போட்டு விளக்கு மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும். அந்த ஆண்டு வலையில் என்ன விழும் என்பதை மீனவர்தான் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு கரைபுரண்டு, புன்னைக்காயல் தனித்தீவாக நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஆறு விரிந்து படுக்க இடம் கேட்கும் என்பது அந்த இரண்டு நாள்களில் நம் எல்லாருக்கும் புரிந்தது. அந்த இடத்துக்கு வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு என்று பெயர். அந்தச் சொல்லை எப்படி ஒரு வசவாக மாற்றினோமோ தெரியவில்லை. எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் பயன்படும் நிலம் என்பதுதான் அதன் பொருள்.

விடுதலைப் பயண நூலிலும் இதே இரண்டு இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்று மாதக் குழந்தையை இனி மறைக்க முடியாத தாய், அதைப் பேழையில் வைத்து நைல் ஆற்றங்கரையின் நாணலுக்குள் விடுகிறாள். பார்வோனின் மகள் குளிக்க இறங்கி வருகிறாள். அவளுடைய தோழியர் கரையில் உலாவுகிறார்கள். ஒரு பக்கம் அரசகுமாரி இறங்கும் துறை, மறுபக்கம் யாரும் போகாத நாணல் அடர்வு. நாணலை வழித்துச் சுத்தப்படுத்திய கரையாக இருந்திருந்தால் பேழை காவலர் கண்ணில் பட்டிருக்கும். துறை இல்லாமல் வேலி போட்ட கரையாக இருந்திருந்தால் அரசகுமாரி அங்கே வந்திருக்கமாட்டாள், குழந்தையின் அழுகை அவளுக்குக் கேட்டிருக்காது. இரண்டும் இருந்ததால் மோசே பிழைத்தார்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசும் இதை அறிந்திருந்தார். துறவு இல்லத் தோட்டத்தில் எல்லா இடத்திலும் காய்கறி போட வேண்டாம், ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவை, அங்கே காட்டுப்பூவும் புல்லும் முளைக்கட்டும் என்று தோட்ட வேலை பார்த்த சகோதரரிடம் கேட்டுக்கொண்டார். திருத்தந்தை தம் சுற்றுமடலின் தொடக்கத்திலேயே இதை நினைவுகூர்கிறார். அவர்கள் பிச்சையெடுத்து உண்டவர்கள் என்பதை மறக்க வேண்டாம். கீரைப்பாத்தி ஒன்று குறைந்தால் அவர்களுக்கு அது உண்மையாகவே குறைவுதான்.

தமிழில் துறை என்ற சொல்லை எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஆற்றின் நீளம் முழுவதும் துறை கிடையாது. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இறங்குவதற்கென்று தேர்ந்தெடுத்த இடம் அது. துறைக்கும் துறைக்கும் நடுவில் மருதமும் நாணலும் தாழையும் நின்றன. குறுக்குத்துறை முருகன் கோவிலை ஆற்றுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கோவில் முங்கும். உற்சவர் சிலையை மேலக்கோவிலுக்கு எடுத்துப் போவார்கள், வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்புவார்கள். ஆற்றை மறிக்கச் சுவர் எழுப்பவில்லை, ஆறு வரும்போது வழி விட்டார்கள். பொறியியல் படித்தவர்கள் நம் நேயர்களில் இருப்பீர்கள், இதை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது புதிதாகப் பத்துத் துறைகளை அல்ல. இருக்கும் துறையைச் செம்மையாக்கக் கேட்போம். பெயர்ந்த கல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும். படிக்குப் பக்கத்தில் கைப்பிடியோடு ஒரு சாய்தளம் வேண்டும், பெத்சதா நோயாளி ஆள் தேடாமல் இறங்கும்படி. உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் வேண்டும், அவை கரையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஆழம் காட்டும் பலகையும், பள்ளம் உள்ள இடத்தில் கட்டிய கயிறும் வேண்டும். வண்டி கரைக்கு மேலேயே நிற்கட்டும். விளக்கு துறையில் மட்டும் போதும், இருட்டில் வாழும் உயிர்களுக்கு இருட்டும் ஒரு வீடு. பாவநாசத்தில் குளித்துவிட்டுப் பழைய துணியை ஆற்றோடு விடுகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை என்று விட்டுவிடாமல், துணி போட ஒரு தொட்டியைக் கரையில் வைத்து அன்போடு எடுத்துச்சொல்லும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். திருத்தலங்களுக்குக் கால்நடையாகப் போகும் நம் மக்களும் வழியில் ஆறுகளில் குளிக்கிறார்கள். ஷாம்பு உறையும் தட்டும் அந்தக் கரையில்தான் கிடக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சாக்கடை நிற்க வேண்டும். கழிவுநீர் விழும் துறையில் பளிங்குப் படி போட்டும் பயன் இல்லை.

அதே மனுவில் இன்னொன்றையும் எழுத வேண்டும். எந்த இடத்தில் எதுவும் செய்ய வேண்டாம் என்று. இதை நம் மக்கள் கேட்டுப் பழகியதில்லை. ஊராட்சியிடம் போனால் ரோடு வேண்டும், விளக்கு வேண்டும், தொட்டி வேண்டும் என்று கேட்டுத்தான் வழக்கம். இந்த வளைவிலிருந்து அந்த மருதமரம் வரை பொக்லைன் இறங்க வேண்டாம், எதிர்க்கரையில் நடைபாதை வேண்டாம், கூடு கட்டும் மாதங்களில் மணல்திட்டுக்கு வண்டி போக வேண்டாம் என்று கேட்டால் தலைவர் சற்று விழிப்பார். விழிக்கட்டும். சீமைக்கருவேலை எடுக்கிறேன் என்று வருகிறவர் நாணலையும் தாழையையும் சேர்த்து எடுத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அதையொட்டிக் கூடும் கிராம சபையில் யாரும் எழுந்து பேசலாம், மனுவைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். அதற்கு முன் இந்த வார அன்பியக் கூட்டத்தில் ஒரு வேலையை ஏற்றுக்கொள்வோம். ஆற்றங்கரைப் பங்குகளில் உள்ளவர்கள், துணி துவைப்பவர், மீன் பிடிப்பவர், ஆடு மேய்ப்பவர் மூவரையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் எந்தச் சாதியார், எந்தச் சமயத்தார் என்று பாராமல், இரண்டே கேள்விகள் கேட்போம். எந்தத் துறையில் இறங்க முடியாமல் மக்கள் திரும்புகிறார்கள்? எந்த இடத்தில் நீர்நாய்த் தடம் பார்த்தீர்கள்? அவர்கள் சொல்லும் இடங்களை ஒரு தாளில் ஆற்றை வரைந்து குறித்துக்கொள்வோம். மனுவோடு அந்தத் தாளையும் இணைத்துக் கொடுக்கலாம்.